முதலாமாண்டு மாணவியாக நடித்தவர்

எங்கள் கணினி அறிவியல் துறையில் ஆய்வு மாணவர்களுக்கு உதவித்தொகை சும்மா வருவதில்லை. வாரத்தில் மூன்று நாள், மதியம் முழுக்க, முதலாமாண்டுப் பிள்ளைகளின் லேபில் அவர்கள் நிற்க வேண்டும். அந்த வேலைக்கு டீச்சிங் அசிஸ்டென்ட் என்று பெயர். சுருக்கமாக டி.ஏ. ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில், லேப் திறப்பதற்கு முன்னால், புதிதாக வந்த டி.ஏ.க்களுக்கு இரண்டு நாள் பயிற்சி உண்டு. அதை நடத்துவது என் பொறுப்பு. யாரிடமாவது இதைச் சொல்லும்போது என் வாய் "எங்கள் பொறுப்பு" என்றுதான் ஆரம்பிக்கிறது. மூன்று வருடமாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் என்பது நானும், என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த தோழியும். இரண்டு பேருமே கௌரவ விரிவுரையாளர்கள். எனக்கு விருத்தாசலத்தில் செராமிக் எஸ்டேட்டுக்குப் பின்னால் இருக்கும் தெருவில் வீடு. அவருக்கு மங்கலம்பேட்டை. விடிந்தும் விடியாததுமாக அங்கே ஒரு பஸ் ஏறி விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவார். அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு ஒன்றரை மணி நேரம் சேர்ந்து போவோம்.

அவருடைய கணவர் ஷார்ஜாவில் ஒரு ஏசி கம்பெனியில் சூப்பர்வைசர். கல்யாணமாகி ஒன்பது வருடமாகியிருந்தது. ஒரு மகள். அந்த ஒன்பது வருடத்தில் கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் இருந்த காலத்தை அவர் மாதக் கணக்கில்தான் சொல்வார். பஸ் மணிமுத்தாற்றுப் பாலத்தைத் தாண்டும் சமயம் அவருக்குப் போன் வரும். அவர் கணவர் வேலைக்குக் கிளம்பும் நேரம் அது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, துப்பட்டா நுனியால் வாயை மறைத்து, பத்து நிமிடம் பேசுவார். அந்தப் பத்து நிமிடமும் நான் மடியில் இருக்கிற விடைத்தாள்களைத் திருத்துவது போல இருப்பேன். பஸ் குலுக்குகிற குலுக்கலில் ஒரு எழுத்துகூடப் படிக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "ம், சொல்லுங்க" என்பார். நான் ஏதோ பாதியில் நிறுத்தி வைத்திருந்தது போல. அதற்குப் பிறகு இறங்கும் வரைக்கும் பேச்சு ஓயாது.

இந்தப் பயிற்சி தொடங்கியதற்கு ஒரு மாணவி காரணம். முதலாமாண்டு செய்முறைத் தேர்வு. நான் கண்காணிப்பில் இருந்தேன். பின்வரிசையில் ஒரு பெண் மூன்று மணி நேரமும் வெறும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ரெக்கார்டு நோட்டைப் புரட்டினேன். எல்லாப் பக்கத்திலும் முழு மதிப்பெண்.

"என்னம்மா, லேபுல எல்லாம் நல்லாத்தான பண்ணியிருக்க?" என்று கேட்டேன்.

"அது நான் பண்ணல மேம். தப்பு வந்தா டி.ஏ. அண்ணன் வந்து டைப் பண்ணிக் குடுத்துடுவாங்க. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருப்பேன்."

அவள் புகார் சொல்லவில்லை. அந்த அண்ணனைப் பற்றி நன்றியோடுதான் சொன்னாள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் தோழியிடம் இதைச் சொன்னபோது எனக்கு அந்த டி.ஏ. மேல் கோபமாக இருந்தது.

"அவன் கெட்டவன் இல்லீங்க," என்றார் அவர். "ஒத்த ஆளு, அறுவது பிள்ளைங்க. டைப் பண்ணிட்டா அடுத்த பிள்ளைகிட்ட போயிடலாம். எப்படி நிக்கணும், என்ன கேக்கணும்னு அவனுக்கு யாராச்சும் சொல்லிக் குடுத்தாங்களா?"

மறுநாள் இருவரும் துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னோம். அவர் எங்களை நிமிர்ந்து பார்த்து, "நீங்களே ரெண்டு நாள் எடுத்து ஏதாவது சொல்லிக் குடுங்க" என்றார். வேலை எங்கள் தலையில் விழுந்தது.

முதல் வருடம் நாற்பது ஸ்லைடு தயார் செய்தோம். பொறுமை, அணுகுமுறை, மதிப்பீடு என்று தலைப்புத் தலைப்பாக நான் வாசித்தேன். ஒரு ஆய்வு மாணவர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார். திரும்பி வரும்போது தோழி சொன்னார்: "நம்மளும் அவங்களுக்கு டைப் பண்ணித்தாங்க குடுத்துருக்கோம்."

அடுத்த வருடம் அவர் ஸ்லைடு எதையும் திறக்கவில்லை. நாற்காலியை இழுத்து ஒரு கணினி முன்னால் போட்டுக்கொண்டார். பையை மடியில் வைத்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு அதன் முனையைப் பிடித்துக்கொண்டார். முப்பத்தைந்து வயது விரிவுரையாளர் அங்கே இல்லை. நேற்றுத்தான் காலேஜில் சேர்ந்த, தமிழ் வழியில் படித்துவந்த ஒரு பெண் இருந்தாள். ஒன்றிலிருந்து பத்து வரை எண்களை அச்சிட வேண்டிய ப்ரோக்ராம். எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டும் வரியை வேண்டுமென்றே விட்டுவிட்டு ஓட விட்டார். திரை முழுக்க ஒன்று, ஒன்று, ஒன்று என்று நிற்காமல் ஓடியது. அவர் பதறி எழுந்து, "அண்ணா, என்னமோ ஆயிடுச்சு, நான் ஒண்ணும் பண்ணல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் பயிற்சியின் ஒரே விதி அன்றைக்கு வந்தது. டி.ஏ. கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். கீபோர்டையும் மவுஸையும் தொடக் கூடாது. வாயால் கேட்கலாம், விரலால் காட்டக்கூடக் கூடாது. பெரிய பெரிய கட்டுரை எழுதுகிறவர்கள் அந்தக் கையைப் பின்னால் வைத்துக்கொள்ளப் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும்.

நான் ஒரு மூலையில் நின்று குறிப்பெடுப்பேன். உண்மையில் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு வருடமும் அந்த மாணவி கொஞ்சம் மாறுவாள். ஒரு வருடம் எதற்கும் தலையாட்டுகிறவள். ஒரு வருடம் பக்கத்துப் பெண்ணின் திரையையே பார்க்கிறவள். இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை கேட்டேன். "எல்லாம் லேபுல பாத்ததுதாங்க" என்று சொல்லிவிட்டார்.

ஐந்தாவது வருடம் ஜூலையில் எங்கள் லேபில் ஒயரிங் வேலை நடந்தது. சுவரெல்லாம் கொத்திப் போட்டிருந்தார்கள். வேறு ஹாலும் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம் என்றார் தலைவர். எனக்கும் அது சரி என்று பட்டது. தோழிதான் விடவில்லை.

"தள்ளிப் போட வேணாங்க. உங்க வூட்டு மாடியில ஷெட்டு சும்மாத்தான இருக்குது? பசங்க பஸ் ஏறி வந்துடுவாங்க. சாப்பாடு நான் பாத்துக்கறேன்."

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை.

ஒன்பது பேர் வந்தார்கள். என் வீட்டுக்காரர் பக்கத்து வீடுகளிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை வாங்கி வந்து போட்டார். என் மகளின் கணினியும் இரண்டு லேப்டாப்பும் மேசை மேல். தகரக் கூரை சூட்டில் இரண்டு டேபிள் ஃபேன்கள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தன. நெய்ச்சோறும் தால்ச்சாவும் பெரிய டிபன் கேரியர்கள் இரண்டில் மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கின.

வந்தவர்களில் திட்டக்குடிக்காரன் ஒருவன் இருந்தான். எம்.டெக்கில் தங்கப் பதக்கம். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுகிற வகை. அவன் முறை வந்தபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நேராக நின்றான். தோழி வழக்கம்போல மிரண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவன் குனிந்தான், கை முன்னால் வந்தது, விட்டுப்போன வரியைத் தட்டி ப்ரோக்ராமை ஓட்டிக் காட்டினான். ஒன்றிலிருந்து பத்து வரை அழகாக வந்து நின்றது.

"புரிஞ்சுதா?" என்றான்.

"புரிஞ்சுது அண்ணா."

அவன் தன் நாற்காலிக்குத் திரும்பினான். தோழி எழுந்திருக்கவில்லை. பின்னலை விட்டுவிட்டுச் சொந்தக் குரலில் கேட்டார்.

"எனக்குப் புரிஞ்சிருக்கும்னு நெனச்சீங்களா?"

"நீங்கதான புரிஞ்சுதுன்னு சொன்னீங்க மேம்."

"நான் யூஜி படிக்கறப்ப மொதல் செமஸ்டர் பூரா அதத்தான் சொன்னேன். கம்ப்யூட்டர எப்படி ஆன் பண்றதுன்னே தெரியாம வந்தவ நான். பக்கத்து பிள்ள ஆன் பண்ணி வெச்சுட்டுப் போயிடும். புரியலைன்னு சொன்னா இன்னொரு தடவ எல்லாருக்கும் முன்னாடி கேப்பாங்க. புரிஞ்சுதுன்னு சொன்னா போயிடுவாங்க. போயிட்டா நிம்மதியா இருக்கும்."

திட்டக்குடிக்காரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பேனாவை மூடி வைத்தேன். ஐந்து வருடம் தினமும் மூன்று மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. லேபில் பார்த்தது என்றாரே, அது அவரே உட்கார்ந்திருந்த லேப்.

அந்த நேரத்தில் என் நாத்தனார் டீ எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். பீங்கான் பொம்மை செய்கிற ஒரு யூனிட்டில் பல வருடமாக வேலை. முழங்கை வரைக்கும் வெள்ளை மண் காய்ந்து பூசியிருந்தது. தோழி டீயை வாங்கிக்கொண்டு அவள் கையையே பார்த்தார்.

"நாளைக்கு எங்க பிள்ளைங்களுக்கு உங்க வேலைய கொஞ்சம் சொல்லிக் குடுப்பீங்களா?"

"நானா?" என்று நாத்தனார் என்னைப் பார்த்தாள். "அவங்கல்லாம் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கறவங்க. எங்கிட்ட என்னா இருக்குது சொல்லிக் குடுக்க?"

"அதுக்குத்தாங்க," என்றார் தோழி.

யூனிட் முதலாளி மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொன்னார். சுடாத பச்சை மண்ணாக இருக்கும்போது உடைந்தால் நஷ்டமில்லை, மறுபடி கரைத்து அச்சில் ஊற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். சூளைக்குப் போகாத, நிழலில் காய்ந்த சின்ன யானைகள் பலகையில் வரிசையாக இருந்தன. அச்சு இரண்டு பாதியாக இருப்பதால் ஒவ்வொரு யானைக்கும் தும்பிக்கையிலிருந்து வால் வரைக்கும் ஒரு மெல்லிய விளிம்பு நிற்கும். அதைச் சின்னக் கத்தியால் சுரண்டி எடுத்து, ஈர ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதல் யானையின் காதை உடைத்தது எங்கள் துறையின் மிக அமைதியான ஆய்வு மாணவி. இரண்டாவதாக ஒரு தும்பிக்கை போனது. நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "இப்படிக் குடுங்க" என்று ஒவ்வொருவர் கையிலிருந்தும் வாங்கி, நாலு இழுப்பில் முடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "பாத்தீங்கல்ல? அவ்ளோதான்." வாங்கிக்கொண்டவர்கள் வழவழப்பான யானையைக் கையில் வைத்துக்கொண்டு அசட்டுத்தனமாக நின்றார்கள். ஒருவர் என்னிடம் வந்து, பயிற்சி எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும் என்று கேட்டார்.

திட்டக்குடிக்காரனின் யானையை வாங்க நாத்தனார் கை நீட்டியபோது அவன் கொடுக்கவில்லை.

"அக்கா, தொடாதீங்க. வாயால சொல்லுங்க."

"அத எப்படிப்பா வாயால சொல்றது? கைக்குத் தெரியுது, பண்றேன்."

"எப்ப நிறுத்தணும்? அத மட்டும் சொல்லுங்க. நான் நிறுத்தறதுக்குள்ள உடையுது."

அவள் யோசித்தாள். இன்னொரு யானையை எடுத்து, எங்களை மறந்து, தனக்காகவே மெதுவாகச் சுரண்டினாள். பாதியில் நின்றாள். மறுபடி சுரண்டினாள்.

"சத்தம்," என்றாள். "மொதல்ல சரக்கு சரக்குன்னு கேக்கும். விளிம்பு போனதும் சத்தம் கொறஞ்சு போயிடும். அப்ப நிறுத்திக்குவேன்போல." பிறகு தோழியைப் பார்த்து, "இத்தன வருஷத்துல இத நான் யாருகிட்டயும் சொன்னதில்லீங்க. யாரும் கேக்கவும் இல்ல" என்றாள்.

சத்தம் கேட்பதற்காக யூனிட்டில் ஓடிய ஃபேனை நிறுத்தினார்கள். ஒன்பது பேரும் யானையைத் தங்கள் காதுக்குப் பக்கத்தில் வைத்துச் சுரண்டினார்கள். அதற்குப் பிறகும் இரண்டு யானைகள் உடைந்தன. எல்லாருக்கும் எல்லாம் வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பயிற்சி எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டவர் கடைசிவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் திட்டக்குடிக்காரன் மூன்று யானைகளை முடித்தான். தோழி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, முழங்காலில் முகவாயை வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தபடி இருந்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரை அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

சாயங்காலம் பிள்ளைகளைப் பஸ் ஏற்றிவிட்டு, மங்கலம்பேட்டை பஸ்ஸுக்காக நின்றோம். அவருடைய இரண்டு கையிலும் காலி டிபன் கேரியர்கள்.

"ஃபேமிலி விசா வந்துடுச்சுங்க," என்றார்.

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ நல்ல வார்த்தைதான் சொல்லியிருப்பேன்.

"அடுத்த மாசம் கெளம்பறோம். தலைவர்கிட்ட நாளைக்குத்தான் சொல்லணும். பயிற்சிய முடிச்சுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

ஜூலைப் பயிற்சியைத் தள்ளிப் போட வேண்டாம் என்று அவர் நின்றது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. ஒன்பது வருடம் அந்த மனுஷி எதற்காகக் காத்திருந்தார் என்று என்னை விட யாருக்குத் தெரியும்? தினமும் பத்து நிமிடம் ஜன்னலைப் பார்த்துப் பேசியவர் இனிமேல் நேராகப் பார்த்துப் பேசலாம். அதை நினைத்துச் சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போகாதீங்க என்று மட்டும் சொல்லத் தோன்றியது. என்ன உரிமையில் சொல்வது? பஸ் வந்தது. "போயிட்டு வரேங்க" என்று ஏறிக்கொண்டார். அது மறுநாள் காலையில் பார்க்கப் போகிறவர் சொல்கிற "போயிட்டு வரேன்"தான். இருந்தும் நான் பஸ் ஸ்டாண்டில் வெகு நேரம் நின்றேன்.

அடுத்த ஜூலையில் முதலாமாண்டு மாணவியாக நானே நடித்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டேன். பின்னலைப் பிடித்துக்கொண்டேன். டி.ஏ. ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு, "இந்த லூப் ஒவ்வொரு தடவ சுத்தறப்பவும் எது மாறணும்?" என்று சரியாகக் கேட்டார். நான் உடனே, "ஐங்கற எண்ணோட மதிப்பு" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்துவிட்டார். தெரியாதவளாக இருப்பது எனக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்து வந்தவள் நான். பயந்த பிள்ளைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டே படித்து முடித்திருக்கிறேன்.

அன்று அவருக்குப் போன் செய்து இதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் நானாகத்தான் கேட்டேன்: "அங்க எப்படி இருக்குது? நெனச்ச மாதிரி இருக்கா?"

"அவர் ராத்திரி வூட்டுக்கு வர்றாரு. சாப்பிடறாரு. பிள்ள அவர் மேல கால் போட்டுத் தூங்குது. இதுக்குத்தாங்க ஆசப்பட்டேன்." அடுத்ததையும் அவரே சொன்னார். "பகல்ல பேச ஆளில்ல. பத்தாவது மாடி. கதவ சாத்திட்டா ஒரு சத்தம் கெடையாது. காலைல ஏழரை ஆனா பஸ்ஸுல இருக்கற மாதிரியே இருக்குது."

வேலை தேடுகிறார், சான்றிதழ்களுக்கு ஏதேதோ முத்திரை வேண்டியிருக்கிறது என்றார்.

இரண்டாவது வருடம் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. வீடியோவில் அவரையே நடிக்க வைத்தால் என்ன? அவருக்கும் ஆசை. ஷார்ஜாவில் தடை இல்லாத ஒரு வீடியோ செயலியைக் கண்டுபிடித்து, லேபின் பெரிய திரையில் அவரைக் கொண்டுவந்தேன். முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவுடன் அதே மாணவி வந்துவிட்டாள். குரல் மட்டும் உதடு அசைந்த பிறகு வந்தது. டி.ஏ.க்கள் ஒவ்வொருவராகத் திரைக்கு முன்னால் நின்று கேட்டார்கள். எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள். ஒருவர்கூட விதியை மீறவில்லை.

அரை மணி நேரம் போன பிறகு அவரே நிறுத்தினார். "இது சரி வராதுங்க. அவங்க கை நீட்டினாலும் எங்கிட்ட எட்டாது. அப்பறம் எதக் கட்டிக்கிட்டு நிக்கறது?"

உண்மைதான். அவர் ப்ரோக்ராம் அவர் மேசையில் இருந்தது. தொட முடியாத இடத்தில் இருப்பவரைத் தொடாமல் இருப்பதில் என்ன பயிற்சி இருக்கிறது? எல்லாருக்கும் கையாட்டிவிட்டுத் திரையை அணைத்தார். பெரிய திரை நீலமாக நின்றது. நான் மீதி நாளை ஸ்லைடு போட்டு ஓட்டினேன்.

இந்த வருடம் மே மாதம் விடுமுறைக்கு வந்தார். மங்கலம்பேட்டைக்குப் போய்ப் பார்த்தேன். வீடு முழுக்க உறவுக்காரர்கள். யார் யாரோ வந்து பெட்டியைப் பார்த்தார்கள், பிள்ளையைக் கொஞ்சினார்கள், டீ கொடுத்தார்கள். நானும் அவரும் எதிரெதிராக உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் நலம் விசாரித்துக்கொண்டிருந்தோம். இரண்டு மணி நேரம் அப்படியே போனது. நான் கிளம்பியபோது பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தார். வெயில் கொளுத்தியது. மூடியிருந்த ஒரு கடையின் நிழலில் நின்றோம்.

"இந்த வருஷம் யாரு நடிக்கறா?" என்றார்.

"யாருமில்லீங்க."

"அந்தத் திட்டக்குடிப் பையன் இருக்கான்ல இன்னும்?"

"ஆய்வேட்டைக் குடுத்துட்டான். வைவாவுக்குக் காத்துக்கிட்டு இருக்கான். ஆனா அவன் தங்கப் பதக்கம்ங்க. என்ன மாதிரிதான் அவனும்."

"கேட்டுப் பாருங்க," என்றார். "அன்னிக்கு அவன் தரையப் பாத்துக்கிட்டு இருந்தான்ல. அவனுக்கு ஏதோ இருக்குது."

ஒரு பஸ் வந்தது. கூட்டமாக இருக்கிறது என்று விட்டுவிட்டேன். அடுத்த பஸ் காலியாக வந்தது. அதையும் விட்டோம்.

ஜூலையில் அவனைக் கேட்டேன். மறுப்பான் என்று நினைத்தேன். "பண்றேன் மேம். ஆனா அவங்க மாதிரி வராது" என்றான். தோழியின் மாணவி மிரண்டவள். இவன் நடிப்பில் வந்த பையன் முறைத்தான். நாற்காலியில் சாய்ந்து, "எனக்கு இதெல்லாம் வராது, நீங்களே போட்டுக் குடுத்துட்டுப் போங்க" என்றான். டி.ஏ.க்கள் திணறிப் போனார்கள். இப்படி ஒருவனை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒரு பெண் மட்டும் கையைப் பின்னால் கட்டியபடியே பக்கத்தில் ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் கொஞ்ச நேரம் இருந்தாள். அந்தப் பையன் கடைசியில் அவனாகவே கீபோர்டில் கை வைத்தான்.

முடிந்த பிறகு, இந்தப் பையனை எங்கே பிடித்தாய் என்று அவனிடம் கேட்டேன். "என் தம்பி மேம்," என்றான். "நான்தான் அவனுக்குக் கணக்கு எல்லாம் போட்டுக் குடுப்பேன். பதினொண்ணாவதோட நின்னுட்டான்."

நாலரை மணிக்கு வராந்தாவுக்கு வந்து அவருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தத் தம்பியைப் பற்றிச் சொன்னபோது, "அல்லாவே" என்று மெதுவாகச் சொன்னார்.

"என்ன விட நல்லா நடிச்சானா?"

"நல்லா நடிச்சான்," என்றேன். "ஆனா நான் பாத்துக்கிட்டு இருந்தது அவன இல்லீங்க."

அந்தப் பக்கம் அவர் மகள் பசிக்கிறது என்று கூப்பிடும் குரல் கேட்டது.

"இருங்க, வைக்காதீங்க. பிள்ளைக்குக் குடுத்துட்டு வந்துடறேன்."

போனைச் சமையல் மேடையில் வைத்தார் போலிருந்தது. நான் பார்த்திராத அந்த வீட்டில் குழாய் திறந்தது. தட்டு ஒன்றன்மேல் ஒன்று இடித்தது. பால் பாத்திரத்தை அடுப்பில் வைக்கிற சத்தம், அடுப்பு பற்றிக்கொள்கிற சத்தம். அவர் மகள் ஏதோ கேட்க, அவர் தாழ்ந்த குரலில் பதில் சொன்னார். வராந்தாவில் டி.ஏ.க்கள் ஒவ்வொருவராக, "வரோம் மேம்" என்று சொல்லிக்கொண்டு இறங்கிப் போனார்கள். தலையை ஆட்டி அவர்களை அனுப்பிவிட்டு, போனைக் காதில் வைத்தபடியே நின்றுகொண்டிருந்தேன்.